முப்பத்தைந்து வயதில் ஒரு நாள்

நமது பெண்கள் தம் வாழ்நாளில் எந்தெந்தக் காலங்களில் கிளினிக்கின் படியேறுகின்றனர் என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை தெற்றெனப் புலப்படும். வயிற்றில் பிள்ளை வளரும்போது மாதந்தோறும் செல்கின்றனர். பிள்ளை பிறந்த பின்னர் தடுப்பூசிக்காகவும் நிறை பார்ப்பதற்காகவும் செல்கின்றனர். பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் அந்தப் பாதையில் புல் முளைத்துவிடுகின்றது. அதன் பின்னர் அதே பெண் வைத்தியசாலைக்குச் செல்வது பெரும்பாலும் தாங்க முடியாத வருத்தம் ஒன்று வந்த பிறகுதான். தாயாக இருக்கும்வரை பேணப்பட்ட உடல், தாய்மைக் கடமை முடிந்ததும் எவருடைய கவனத்துக்கும் உரியதன்று என்ற நிலையை அடைந்துவிடுகின்றது. இந்நிலை மாறவேண்டும் என்பதையும், மாற்றுவதற்கான வழி நமது ஊர்களிலேயே, செலவின்றி இருக்கின்றது என்பதையும் எடுத்துரைப்பதே நமது நோக்கமாகும்.

முதலில் நாம் பெற்றிருப்பதைச் சொல்வது முறையாகும். இலங்கையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கப்பட்டது. நோய் வந்த பின் மருந்து கொடுப்பதற்குப் பதிலாக, நோய் வருமுன் வீட்டுக்குச் சென்று காப்பது என்ற புதிய எண்ணம் அதனுடன் வேரூன்றியது. முன்னர் மருத்துவமாது என்றும் இப்போது குடும்பநல உத்தியோகத்தர் என்றும் அழைக்கப்படும் பெண்கள் கிராமம் கிராமமாகச் சென்று அதைச் செயலாக்கினர். 1940களின் முற்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், அடுத்த பத்தாண்டின் முற்பகுதியில் அத்தொகை 555 ஆகக் குறைந்தது. கொவிட் பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் அது முப்பதுகளில் நின்றது. செல்வம் மிகுந்த நாடுகளும் வியந்து நோக்கிய சாதனை இது.

ஆயினும் அந்தச் சாதனையின் நிழலிலேயே ஒரு குறையும் வளர்ந்தது. பெண்ணின் உடல்நலம் என்றாலே மகப்பேறு என்று நாமும், நமது சுகாதாரச் சேவையும், பெண்களுங்கூட எண்ணப் பழகிவிட்டோம். மகப்பேற்றில் தப்பிய பெண் ஐம்பது வயதில் மார்பகப் புற்றுநோயினாலோ, கருப்பைக்கழுத்துப் புற்றுநோயினாலோ, அறியாமல் விட்ட நீரிழிவினாலோ வீழ்ந்தால், அதை விதி என்று சொல்லிக் கண்ணீர் விடுகின்றோம். அவற்றுட் பல விதியல்ல, காலந்தாழ்த்தியதன் விளைவுகளே.

மன்னார் மாவட்டத்தில் இக்காலந்தாழ்த்தலுக்கு வரலாறும் ஒரு காரணமாகும். மன்னார் – மதவாச்சி வீதியில் பயணித்தோருக்கு உயிலங்குளம் என்ற பெயர் ஒரு காலத்தில் சோதனைச்சாவடியையே நினைவூட்டியது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையே இருந்த நுழைவாயில்களுள் உயிலங்குளமும் ஒன்று. மருந்துக்குப் போவோரும் மகப்பேற்றுக்குப் போவோரும் அவ்வாசலைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. போர் மீண்டபோது அது மூடுண்டது; மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அதற்கு முன்னரே, 1990 ஒக்டோபரில், மன்னார் உள்ளிட்ட வடபுலத்திலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் பிற இடங்களிலும் இரு தசாப்தங்களுக்கு மேலாக அகதி வாழ்வு வாழ நேர்ந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் பரவலாக நிகழ்ந்தது.

இடப்பெயர்வு என்பது வீட்டை மட்டும் பறிப்பதன்று. கிளினிக் அட்டை தொலைகின்றது. அறிந்த உத்தியோகத்தர் தொலைகின்றார். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய பல்லாண்டுக் குறிப்புகள் தொலைகின்றன. கூடாரத்தில் வாழ்பவள் நாளைய உணவை எண்ணுவாளேயன்றித் தன் இரத்த அழுத்தத்தை எண்ணமாட்டாள். அன்று முப்பதைக் கடந்திருந்த தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இன்று ஐம்பதையும் அறுபதையும் எட்டியிருக்கின்றனர். தம் உடலைத் தள்ளிவைத்து வாழும் பழக்கம் அவர்களுள் பலரிடம் நிலைத்துவிட்டது. தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்வதும் அதுவே.

இன்று அந்தச் சோதனைச்சாவடி இல்லை. உயிலங்குளத்தின் ஒருபுறம் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையும், மறுபுறம் முருங்கன் வைத்தியசாலையும் உள்ளன. கட்டுக்கரைக்குளத்து நீரில் நெல் விளைகின்றது. எனினும், வயலிலும் வீட்டிலும் உழைக்கும் பெண்ணின் மனத்தில் ஒரு சோதனைச்சாவடி இன்னும் எஞ்சியிருக்கின்றது. தனக்காக ஒரு நாளைச் செலவிடுவது தகாது என்ற எண்ணமே அதுவாகும்.

அன்றாடம் பெண்கள் தமக்குள்ளே கேட்டுக்கொண்டு, எவரிடமும் கேளாமல் விடும் கேள்விகள் சிலவற்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

"எந்நேரமும் களைப்பாக இருக்கின்றது, படியேறினால் மூச்சு வாங்குகின்றது" என்பது அவற்றுள் முதன்மையானது. வேலை மிகுதி என்றோ வயது என்றோ இதற்குக் காரணம் கற்பிப்பர். பல வேளைகளில் காரணம் இரத்தச்சோகையாகும். கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்கும், ஏனைய பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தச்சோகை எனக் கொள்ளப்படும். மாதவிடாயில் இழக்கும் குருதிக்கு ஈடான இரும்புச்சத்து உணவில் கிட்டாமையே பெரும்பாலும் இதற்கு வழிவகுக்கின்றது. கடலோர மாவட்டத்தில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணவனும் பிள்ளைகளும் உண்ட பின் சட்டியில் எஞ்சிய குழம்பே பல வீடுகளில் தாயின் பங்காகின்றது. நெத்தலி, ஈரல், முட்டை, பயறு, முருங்கையிலை முதலியன பெண்ணின் கோப்பையிலும் முறையாக இடம்பெறவேண்டும்.

மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். உணவுடனோ உணவை அடுத்தோ அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கும் பழக்கம் நம்மிடையே மிகுதி. அவ்வாறு செய்தால் மாத்திரையின் பயன் பெருமளவு வீணாகின்றது. தேசிக்காய்ச் சாற்றுடனோ, கொய்யா, தோடை போன்ற பழங்களுடனோ அதனை உட்கொள்வதே நன்று. தேநீருக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் எடுக்கலாகாது. மாத்திரையினால் மலம் கறுப்பது கண்டு அஞ்சி நிறுத்துவோர் உளர், அது இயல்பானதே. எனினும் காரணம் அறியாமல் மாதக்கணக்கில் மாத்திரை மட்டும் விழுங்குவதும் போதாது. குருதி எங்கே போகின்றது என்று கண்டறிவது வைத்தியரின் பணியாகும்.

இரண்டாவது கேள்வி மாதவிடாய் பற்றியது. ஏழு நாள்களுக்கு மேல் நீடிக்கும் போக்கு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு முறை துணி மாற்றவேண்டிய நிலை, பெரிய கட்டிகளாக வெளியேறும் குருதி ஆகியன பெண்ணாய்ப் பிறந்ததன் பயன் என்று பொறுத்துக்கொள்ளவேண்டியவையல்ல. மாதவிடாய்களுக்கு இடையே குருதி காணல், தாம்பத்திய உறவின் பின் குருதி காணல், நாற்றமுடைய வெள்ளைபடுதல் ஆகியவற்றையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின்னர் ஒரு துளி குருதி கண்டாலும், அன்றே நாள் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லவேண்டும். "நின்றது திரும்பி வந்துவிட்டது" என்று மகிழ்வதும், "சூட்டினால் வந்தது" என்று விட்டுவிடுவதும் ஆபத்தானவை.

மூன்றாவது, பிள்ளைப்பேற்றின்போது தோன்றிய நோய்கள் பற்றியது. கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த பெண்களுக்கு, பிள்ளை பிறந்ததும் அது தணிந்துவிடுவதுண்டு. அத்துடன் அதனை மறந்துவிடுகின்றனர். ஆனால் அப்பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருவதற்கான வாய்ப்பு ஏனையோரைவிடப் பன்மடங்கு அதிகமாகும். பேற்றின் பின் ஆறு வாரங்கள் கழிந்து ஒரு தடவையும், பின்னர் ஆண்டுதோறும் குருதிச் சீனியைப் பரிசோதிப்பது அவர்களுக்கு இன்றியமையாதது. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தவர்களுக்கும் இது பொருந்தும். உயர் இரத்த அழுத்தம் எந்த அறிகுறியையும் காட்டாமலே இருதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கவல்லது. கருவாடும் உப்பும் நாளாந்தம் சேரும் கரையோரச் சமையலில் இவ்வெச்சரிக்கை மேலும் தேவையாகின்றது.

பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரங்கள் பற்றியும் ஒரு சொல். 2024ஆம் ஆண்டில் மன்னாரில் நிகழ்ந்த மகப்பேற்று மரணங்கள் மாவட்டம் முழுவதையும் துயரிலும் சினத்திலும் ஆழ்த்தின. பொறுப்பு யாருடையது என்பது விசாரணைகளுக்கு உரியது. ஒவ்வொரு வீடும் அறிந்திருக்கவேண்டியதையே நாம் இங்கு சொல்ல விழைகின்றோம். பிள்ளை பிறந்துவிட்டது என்பதால் தாயின் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. மிகுந்த குருதிப்போக்கு, காய்ச்சல், கடுந்தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், நாற்றமுடைய கழிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், பகலோ இரவோ, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் இந்த ஆறு வாரங்களில் நான்கு தடவை வீட்டுக்கு வருவது குழந்தையைப் பார்ப்பதற்காக மட்டுமன்று. அவர் வரும்போது தாயும் தன் நிலையைச் சொல்லவேண்டும். மாமியாரும் தாயாரும் இடையிற் புகுந்து "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடலாகாது.

இக்கேள்விகளையெல்லாம் ஓரிடத்தில் கேட்பதற்கென்றே நமது நாட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. சனத்தொகையும் அபிவிருத்தியும் பற்றிய சர்வதேச மாநாடு 1994இல் கெய்ரோவில் நடைபெற்றது. பெண்ணின் நலம் மகப்பேற்றுடன் முடிவதன்று என்று அங்கு வலியுறுத்தப்பட்டதைத் தொடர்ந்து, 1996ஆம் ஆண்டு முதல் இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் இவை நடத்தப்படுகின்றன. முப்பத்தைந்து வயதை எட்டும் ஒவ்வொரு பெண்ணும் இங்கு வரவேண்டும் என்பது இலக்காகும். பின்னர் நாற்பத்தைந்து வயதினரும் அவ்விலக்கிற் சேர்க்கப்பட்டனர். இரத்த அழுத்தம், குருதிச் சீனி, உயரத்துக்கேற்ற நிறை, மார்பகம், தைரொயிட் சுரப்பி, கருப்பைக்கழுத்து என்பன இங்கு பரிசோதிக்கப்படுகின்றன. குடும்பக்கட்டுப்பாடு பற்றியும், மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொல்லைகள் பற்றியும் ஆலோசனை பெறலாம். கட்டணம் எதுவும் இல்லை. நோய் இருப்பவருக்கான இடம் இதுவன்று. நோயற்றவர் தம்மை நோயற்றவர்தாமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளும் இடம் இது. "எனக்கு ஒன்றுமில்லையே, ஏன் போகவேண்டும்?" என்று கேட்பவரே இங்கு செல்லவேண்டியவர்.

முப்பத்தைந்து என்ற வயது ஏன் குறிக்கப்பட்டது என்று வாசகர் கேட்கலாம். கருப்பைக்கழுத்துப் புற்றுநோயின் இயல்பே அதற்கு விடை. எச்.பி.வி. எனப்படும் வைரசு வகைகளினால் இந்நோய் ஏற்படுகின்றது. இதனைக் கண்டறிந்தமைக்காக ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரசு மிகப் பரவலானது. தாம்பத்திய வாழ்வில் ஈடுபடும் பெரும்பாலானோரை ஏதாவது ஒரு காலத்தில் தொற்றுகின்றது. அவர்களுட் பெரும்பாலானோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதனைத் தானே வென்றுவிடுகின்றது. சிலரில் மட்டும் அது தங்கிவிட, கருப்பைக்கழுத்தின் கலங்கள் மெல்ல மெல்ல மாற்றமடைகின்றன. மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். இயற்கை நமக்குத் தந்த நீண்ட அவகாசம் இது. அந்த அவகாசத்தின் நடுவில் ஒரு நாள் பரிசோதித்தால், புற்றுநோய் உருவாகுமுன்னரே சிறு சிகிச்சையால் அதனை அகற்றிவிடலாம்.

அதற்கான பப் பரிசோதனை, கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஜோர்ஜ் பப்பனிக்கொலோவின் பெயரால் வழங்குவது. சிறு தூரிகை போன்ற கருவியினால் கருப்பைக்கழுத்தின் மேற்பரப்பிலிருந்து சில கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்குவதே அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெட்டுவதில்லை, தைப்பதில்லை, மயக்கமருந்தும் இல்லை. சற்று அசௌகரியம் இருக்கலாம். வைரசையே நேரடியாகக் கண்டறியும் பரிசோதனையை முதன்மைப்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்துள்ளது. எந்தப் பரிசோதனை கிட்டுகின்றதோ அதனைச் செய்துகொள்வதே அறிவுடைமை. இன்னும் சிறந்தது வரட்டும் என்று காத்திருப்பதன்று.

எளிய ஏற்பாடே எத்துணைப் பயன் தரும் என்பதற்குக் கடலுக்கு அப்பால், தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்திற் கிடைத்த சான்று ஒன்றுண்டு. அங்கு கிராமப்புறப் பெண்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையான பெண்களுக்கு, பயிற்றப்பட்ட தாதியர் கருப்பைக்கழுத்தில் ஐதான அசற்றிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் பகுதிகளை வெறுங்கண்ணால் நோக்கினர். வினாகிரியில் உள்ள அதே அமிலந்தான் அது. ஒரே ஒரு தடவை இவ்வாறு பார்த்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சை அளித்ததன் பயனாக, பரிசோதனை நடைபெறாத கிராமங்களுடன் ஒப்பிடுகையில் இப்புற்றுநோயினால் நேர்ந்த மரணங்கள் 35 வீதம் குறைந்தன. 2007ஆம் ஆண்டு லான்செற் மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. நமது பெண்களைப் போலவே வயலிலும் வீட்டிலும் உழைத்த, நமது மொழியையே பேசிய, அதே கூச்சமுடைய பெண்கள்தாம் அவர்கள். வாழ்நாளில் ஒரு நாள் சென்றனர். அவர்களுட் பலர் உயிர் பிழைத்தனர்.

அடுத்த தலைமுறைக்கு இதனைவிடவும் எளிய காப்பு உண்டு. 2017ஆம் ஆண்டு முதல் இலங்கையில் ஆறாம் தரத்திற் கற்கும் மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையிலேயே இலவசமாக ஏற்றப்படுகின்றது. இத்தடுப்பூசி பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி உலகின் பல பகுதிகளிலும் உலவியது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவுமில்லை. சிறுவயதில் ஏன் என்று கேட்போருக்கு விடை, தொற்றுவதற்கு முன் ஏற்றினாலே தடுப்பூசி முழுப் பயன் தரும் என்பதாகும். ஸ்கொட்லாந்தில் 2008இல் இத்திட்டம் தொடங்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்களுள் ஒருவருக்கேனும் பரவும் நிலைக் கருப்பைக்கழுத்துப் புற்றுநோய் ஏற்படவில்லை என்று 2024இல் அங்கு வெளியான ஆய்வு காட்டியது. பாடசாலையிலிருந்து வரும் சம்மதப் படிவத்தைப் படிக்காமலே மறுத்துவிடும் பெற்றோர், தம் மகளின் நாற்பதாவது வயதை ஒரு கணம் நினைந்து பார்க்கவேண்டும்.

மார்பகப் புற்றுநோய் இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயாகும். அதற்குத் தடுப்பூசி இல்லை. விரைந்து காண்பதே காப்பு. இருபது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் மாதந்தோறும், மாதவிடாய் முடிந்த சில நாள்களில், கண்ணாடி முன் நின்று தன் மார்பகங்களைத் தானே பார்க்கவும் தடவி அறியவும் பழகவேண்டும். நாற்பது வயதுவரை மூன்றாண்டுக்கொரு தடவையும், பின்னர் ஆண்டுக்கொரு தடவையும் பயிற்சி பெற்றவர் ஒருவரால் பரிசோதிக்கப்படவேண்டும். கட்டி, தோல் சுருங்குதல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து குருதி கசிதல், அக்குளிற் கட்டி ஆகியன கவனத்துக்குரியவை. "நோகவில்லையே" என்று கட்டியை விட்டுவிடுவதே நம்மவர் பலர் செய்யும் பிழை. தொடக்கத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. அதேவேளை, மார்பகக் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதும் உண்மை. ஆகவே அஞ்சி மறைப்பதற்கும் காரணமில்லை. அலட்சியம் செய்வதற்கும் காரணமில்லை.

வடபுலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமில்லாத காலம் ஒன்று இருந்தது, மகரகமவுக்கே செல்லவேண்டும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தவர்கள் திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அக்குறையைப் பெருமளவு நீக்கியது. தெற்கிலிருந்து வடக்குவரை நடந்தவர்களுள் எல்லா இனத்தவரும் இருந்தனர். எனினும், முற்றிய நிலையில் வருபவரை எந்த வைத்தியசாலையும் எளிதில் மீட்டுவிட முடியாது. வைத்தியசாலை இருப்பது பாதி. காலத்தோடு செல்வது மீதி.

அப்படியானால் நமது பெண்கள் ஏன் செல்வதில்லை? அறியாமை ஒன்று, கூச்சம் அதனினும் பெரிது. ஆண் வைத்தியர் பார்ப்பாரோ என்ற தயக்கம் தமிழ்ப் பெண்களுக்கும் உண்டு. முஸ்லிம் பெண்களுக்கும் உண்டு. இத்தயக்கத்தை நாம் இகழவில்லை, அது மதிக்கப்படவேண்டியது. குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியும் பெண்களே என்பதையும், பெண் ஒருவர் பரிசோதிக்கவேண்டும் என்று முன்கூட்டியே கேட்பது நோயாளியின் உரிமை என்பதையும் பெண்கள் அறிந்துகொள்ளவேண்டும். நாணத்துக்காக உயிரை இழப்பதை எந்தச் சமயமும் கேட்பதில்லை.

பரிசோதனைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் மற்றொன்று. கருப்பைக்கழுத்தில் மாற்றம் காணப்பட்டால் அது ஒழுக்கக் கேட்டின் அடையாளம் என்று எண்ணுவது பெரும் அநீதியாகும். கணவன் ஒருவனையன்றி வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் இவ்வைரசு தொற்றக்கூடும். பல்லாண்டுகளுக்கு முன் தொற்றியது பின்னர் வெளிப்படவும் கூடும். யார் மீதும் பழி சுமத்துவதற்கு அப்பரிசோதனை சான்றாகாது.

நோன்பும் விரதமும் பற்றியும் ஐயங்கள் எழுவதுண்டு. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கும் பெண்கள் றமழான் பிறக்குமுன்னரே வைத்தியரிடம் சென்று, வேளைகளை எவ்வாறு மாற்றுவது, நோன்பு நோற்பது உகந்ததா என்று கேட்டுத் தெளியவேண்டும். தாமாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. நோயாளருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை முஸ்லிம் வாசகர் அறிவர். கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதங்களை நோற்கும் சைவப் பெண்களுக்கும், தவக்காலத்தில் ஒறுத்தல் செய்யும் கத்தோலிக்கப் பெண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆண்களுக்கும் நாம் ஒன்று சொல்லவேண்டும். வயலுக்குப் பசளை போடும் காலத்தையும், படகின் இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றும் காலத்தையும் தவறவிடாதவர்கள், வீட்டின் அச்சாணியாக இருப்பவளுக்கு ஒரு நாள் ஒதுக்குவது பெரிய காரியமன்று. "போய் வா" என்று சொல்வது மட்டும் போதாது. அன்றைக்குச் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது, முச்சக்கரவண்டிக் காசை யார் கொடுப்பது என்பவற்றுக்கும் விடை சொல்லவேண்டும். போரில் கணவனை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு அவ்வாறு சொல்ல வீட்டில் எவருமில்லை. அயலவரும் மாதர் சங்கங்களும் அவர்களுக்குத் துணைநிற்கவேண்டும்.

சுகாதாரத் துறையினருக்கும் கடமைகள் உண்டு. கூலி வேலைக்குச் செல்லும் பெண் வேலை நாளில் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய வருமானத்தை இழக்கின்றாள். ஆகையால் சனிக்கிழமைகளிலும் அறுவடை முடிந்த காலங்களிலும் கிளினிக்குகள் நடத்தப்படவேண்டும். உயிலங்குளம் போன்ற உட்கிராமங்களுக்கு நடமாடும் கிளினிக்குகள் வரவேண்டும். பரிசோதனை முடிவு மாதக்கணக்கில் வராவிட்டால், வந்த பெண் மறுமுறை வரமாட்டாள். அவளைப் பார்த்த அயற்பெண்ணும் வரமாட்டாள். குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்கள் நிரப்பப்படவேண்டும். ஒருவர் இருவரின் பணியைச் சுமக்கும்போது முதலிற் கைவிடப்படுவது கர்ப்பிணியல்லாத பெண்ணே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகள் அருகின. வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். இத்தகைய காலங்களில் நோயை முளையிலே காண்பது அரசுக்கும் சிக்கனமாகும்.

ஒன்றுபட்டு முயன்றால் முடியாதது இல்லை என்பதற்கு நமது மண்ணே சாட்சி. 1934–35இல் எண்பதாயிரம் பேரளவில் பலிகொண்ட மலேரியாவை இலங்கை வென்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றிதழ் வழங்கியது. வீடுவீடாகச் சென்று குருதி பார்த்தவர்களும், கதவைத் திறந்துவிட்ட மக்களும் சேர்ந்தே அதனைச் சாதித்தனர். பெண்களின் நலனிலும் அவ்வாறே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமைக் குத்பாவிலும், ஞாயிறு மறையுரையிலும், கோவில் மண்டபத்திலும் சுகவனிதையர் கிளினிக் என்ற சொல் ஒலிக்குமானால், பெண்களின் கூச்சம் பாதி குறையும்.

இதனைப் படிக்கும் வாசகர், தம் வீட்டில் முப்பத்தைந்தை எட்டியவர் யார், நாற்பத்தைந்தை எட்டியவர் யார் என்று இன்றே எண்ணிப் பார்ப்பாராக. தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில், எந்த இடத்தில் நடைபெறுகின்றது என்று கேட்டறிந்து, அந்நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பாராக. பிள்ளைகளின் தடுப்பூசி நாளை மறவாத வீடு, தாயின் நாளையும் மறவாதிருக்கட்டும்.